எத்தியோப்பியக் கிராமங்களில் தாயும் சிசுவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்கக் கிராமங்களில் தாய்-சேய் நலம் என்று பேச்செடுத்தால், பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது 1984 பஞ்சத்தின் புகைப்படங்கள்தான். அந்தப் பஞ்சம் நடந்த எத்தியோப்பியா அதற்குப் பிறகு வெகுதூரம் வந்துவிட்டது. எங்கே ஜெயித்தது, எங்கே இன்னும் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று நண்பர்களும் நர்சிங் மாணவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஆப்பிரிக்கா முழுவதையும் விட்டுவிட்டு ஏன் ஒரு நாடு?

54 நாடுகளை ஒரே மூச்சில் பேசினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. நைஜீரியாவில் ஒரு லட்சம் பிறப்புக்கு 993 தாய்மார் இறக்கிறார்கள் என்பது 2023-க்கான ஐ.நா. மதிப்பீடு. ருவாண்டாவில் இது 2000-ல் 1,071 ஆக இருந்தது. 2019-20 கணக்கெடுப்பில் 203-க்கு இறங்கிவிட்டது. இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டு யாருக்கு என்ன லாபம்? எத்தியோப்பியா 12 கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாடு. முக்கால்வாசிப் பேர் கிராமத்தில் இருக்கிறார்கள். பணக்கார நாடும் அல்ல. அங்கே ஒரு வழி பலித்தால் அதை மற்றவர்களும் கவனிப்பார்கள். தேவைப்படும் இடத்தில் மலாவி, ஜிம்பாப்வே, தான்சானியா பக்கமும் போய் வருவோம்.

நிலைமை எப்படி இருந்தது, இப்போது எப்படி?

2000-ல் எடுத்த கணக்கெடுப்பில் ஒரு லட்சம் பிறப்புக்கு 871 தாய்மார் சாவு. 2016-ல் 412. ஐ.நா.வின் மதிப்பீட்டு முறை வேறு. அதன்படி 2020-ல் 267. ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் 2000-ல் ஆயிரத்துக்கு 166, 2016-ல் 67.

இதில் ஒரு எண் மட்டும் மற்றவற்றோடு சேர்ந்து இறங்க மறுக்கிறது. பிறந்து 28 நாளுக்குள் இறக்கும் சிசுக்கள் 2000-ல் ஆயிரத்துக்கு 49, 2016-ல் 29. அதற்குப் பிறகு 2019-ல் எடுத்த கணக்கெடுப்பில் இறக்கமே இல்லை. தடுப்பூசி, உப்பு-சர்க்கரைக் கரைசல், கொசுவலை இவையெல்லாம் ஒரு மாதத்தைத் தாண்டிய குழந்தையைக் காப்பாற்றும். பிறந்த அன்றே மூச்சுவிடாத குழந்தைக்கு இவற்றால் ஒரு பயனும் இல்லை. இந்தப் பதில்கள் எல்லாவற்றிலும் நான் சொல்ல வருவது ஏறக்குறைய இதுதான்: வீட்டு வாசல்வரை போய்ச் செய்ய முடிந்த வேலையை எத்தியோப்பியா நன்றாகவே செய்தது. பிரசவ மேசையிலும் சாப்பாட்டுத் தட்டிலும் செய்யவேண்டியது பாதிதான் ஆகியிருக்கிறது.

அந்த வாசல்வரை போனது யார்?

பெண்கள். 2003-ல் தொடங்கிய சுகாதார விரிவாக்கத் திட்டம்தான் இதன் முதுகெலும்பு. ஏறக்குறைய 5,000 பேர் வாழும் ஒவ்வொரு கெபெலேவுக்கும் (நம் ஊர்க் கணக்கில் ஒரு ஊராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்) ஒரு சுகாதார நிலையம், அதில் இரண்டு பெண் ஊழியர்கள். பத்தாம் வகுப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களாகத் தேர்ந்தெடுத்து, ஓராண்டு பயிற்சி கொடுத்து, அரசுச் சம்பளத்தில் அமர்த்தினார்கள். இப்படி 30,000-க்கும் மேற்பட்டோர். 2005 முதல் 2012 வரை சுகாதார அமைச்சராக இருந்து இதை வேகமாக விரித்தவர் டெட்ரோஸ் அதனோம். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநர்.

சம்பளம் என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படியுங்கள். வேறு பல நாடுகளில் இதே வேலையைத் தன்னார்வலர் என்று பெயர் சூட்டி, சைக்கிளும் ஒரு டீ-சர்ட்டும் கொடுத்துப் பெண்களிடம் வாங்கிக்கொள்கிறார்கள். எத்தியோப்பியாவும் இதில் முழுசாகத் தப்பவில்லை. 2011 வாக்கில் பெண்கள் மேம்பாட்டுப் படை என்று ஒன்றை அமைத்து, ஐந்து வீட்டுக்கு ஒரு பெண் என்று சம்பளமில்லாமல் வேலை வாங்கியது. அந்தப் படை பல இடங்களில் சோர்ந்துபோனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அந்த ஊழியர் நாள் முழுக்க என்னதான் செய்வார்?

பாதி நேரம் நிலையத்தில், பாதி நேரம் வீடு வீடாக. நிலையத்துக்குள் போனால் அலமாரியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் உறை அடுக்கியிருக்கும்: வீட்டில் யார் யார், கழிப்பறை உண்டா, கொசுவலை எத்தனை, யார் கர்ப்பம் என்று எல்லாம் அதில் இருக்கும். மேசைமேல் பன்னிரண்டு அறைகள் கொண்ட ஒரு மரப்பெட்டி, மாதத்துக்கு ஓர் அறை. ஒரு கர்ப்பிணி அடுத்து எந்த மாதம் வரவேண்டுமோ அந்த அறையில் அவருடைய அட்டையைப் போட்டுவிடுவார்கள். மாதம் முடிந்தும் அட்டை அங்கேயே கிடந்தால் அவர் வரவில்லை என்று அர்த்தம். ஊழியர் குடையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குக் கிளம்பவேண்டியதுதான். கம்ப்யூட்டரும் மின்சாரமும் இல்லாத இடத்தில், விட்டுப்போனவர் யார் என்பதை ஒரு மரப்பெட்டி சொல்லிவிடுகிறது. பின்னால் வந்த எத்தனையோ மொபைல் செயலிகளைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

அவர்களே பிரசவமும் பார்ப்பார்களா?

பார்க்கலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள், சரிப்படவில்லை. ஓராண்டுப் பயிற்சியில் பிரசவத்துக்குக் கிடைத்த நேரம் கொஞ்சம். ஊர்ப் பெண்களும் பிள்ளை பெறாத இருபது வயதுப் பெண்ணை நம்பிப் பிரசவத்துக்குப் போகத் தயங்கினார்கள். ஐந்து சுகாதார நிலையங்களுக்கு மேல் ஒரு சுகாதார மையம் இருக்கும், சுமார் 25,000 பேருக்கு ஒன்று. பயிற்சி பெற்ற மருத்துவச்சி செவிலியர் அங்கேதான் இருப்பார். பிரசவத்துக்கு அங்கே அனுப்பு என்பதுதான் இப்போதைய முறை.

பரம்பரை மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்தால் போதாதா?

1970-களிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் உலகம் முழுவதும் அதைத்தான் செய்து பார்த்தார்கள். சுத்தமான பிளேடு, கை கழுவுதல் போன்ற பழக்கங்கள் வந்தன. தாய்மார் சாவு பெரிதாகக் குறையவில்லை. காரணம் எளிது. ரத்தப்போக்கை நிறுத்த ஊசி வேண்டும், அடைபட்ட பிரசவத்துக்கு அறுவை வேண்டும். அனுபவம் எவ்வளவு இருந்தாலும் வெறுங்கையால் இவை ஆகாது.

அதற்காக அவர்களை விரட்டுவதும் வேலைக்கு ஆகவில்லை. மலாவியில் 2007-ல் பரம்பரை மருத்துவச்சிகள் பிரசவம் பார்க்கக்கூடாது என்று தடை வந்தது, பிறகு தளர்ந்தது, மறுபடி இறுகியது. சில ஊர்த் தலைவர்கள் வீட்டில் பிள்ளை பெற்றால் ஓர் ஆடோ கோழியோ அபராதம் என்று கட்டளையும் போட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பிள்ளை பிறந்துவிட்ட பெண்ணும் அபராதத்துக்குப் பயப்படவேண்டிய நிலை. கணக்கில் எண் உயரும். அந்தப் பெண் அடுத்த முறை சுகாதார ஊழியரைக் கண்டால் ஒளிந்துகொள்வார். மருத்துவச்சியையே துணைக்கு அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்ன இடங்களில் விஷயம் சுமுகமாக நடந்தது.

வலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியதுதானே, ஏன் போவதில்லை?

2000-ல் எத்தியோப்பியாவில் நூற்றில் ஐந்து பிரசவம்தான் மருத்துவ இடத்தில் நடந்தது. 2011-ல் 10, 2016-ல் 26, 2019-ல் 48.

செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994-ல் தாமதத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: போகலாமா என்று வீட்டில் முடிவெடுக்கும் தாமதம், போய்ச்சேரும் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைக்கும் தாமதம். இன்றும் இந்தத் துறையில் எல்லோரும் இந்தக் கணக்கில்தான் பேசுகிறார்கள்.

முதலாவதில் புருஷனும் மாமியாரும் வருகிறார்கள். 'நான் ஏழு பெற்றேன், எல்லாம் இந்தத் திண்ணையில்தான்' என்று பேசும் மாமியாரை நமக்கும் தெரியும். இரண்டாவது மலையும் மழையும். எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெருமழைக் காலம். பாதை சேறாகும், ஓடை பெருகும். நாலு ஆள் தோளில் கம்புக்கட்டில் வைத்து, ஆள் மாற்றி ஆள் மாற்றிச் சாலைவரை தூக்கிவருவார்கள். 2010-களின் தொடக்கத்தில் அரசு வட்டத்துக்கு ஓர் ஆம்புலன்ஸ் என்று வாங்கிக் கொடுத்தது. நிறைய உயிர்களைக் காத்த ஏற்பாடு, ஆனால் ஆம்புலன்ஸ் சாலை உள்ளவரைதான் வரும். பல இடங்களில் கொண்டுபோய் விடுமே தவிரத் திருப்பிக் கொண்டுவராது. பிரசவம் இலவசம்தான், மறுநாள் பச்சைக் குழந்தையோடு திரும்பும் பயணத்துக்கு யார் பணம் தருவது? அந்த யோசனையிலேயே சிலர் வீட்டோடு இருந்துவிடுகிறார்கள்.

தாமதமானால் உண்மையில் என்ன ஆகிறது?

தாய் இறக்கலாம், குழந்தை இறக்கலாம். இரண்டு, மூன்று நாள் அடைபட்ட பிரசவத்தில் பிழைக்கும் தாய்க்கு இன்னொரு கதி உண்டு. குழந்தையின் தலை அழுத்தி அழுத்தி மூத்திரப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையில் துளை விழுந்து, சிறுநீர் ஓயாமல் ஒழுகும். ஃபிஸ்டுலா என்பது அதுதான். வாடைக்குப் பயந்து தனியாக ஒதுங்கி வாழும் இப்படிப்பட்ட பெண்களுக்காக, 1959-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கேத்தரின் ஹாம்லினும் கணவர் ரெஜினால்டும் 1974-ல் அடிஸ் அபாபாவில் தனி மருத்துவமனை திறந்தார்கள். கேத்தரின் 2020-ல் தமது 96-வது வயதில் காலமானார். தைத்துச் சரிசெய்துகொண்டே இருந்தால் முடிவே இருக்காது, துளை விழாமல் தடுக்கவேண்டும் என்றுதான் அவர்கள் 2007-ல் மருத்துவச்சிகளுக்கு ஒரு கல்லூரியும் தொடங்கினார்கள்.

காத்திருப்பு இல்லம் என்கிறார்களே, அது என்ன?

பிரசவத்துக்கு இரண்டு, மூன்று வாரம் முன்னதாகவே கர்ப்பிணி வந்து ஆஸ்பத்திரி வளாகத்திலேயே தங்கும் வீடு. வலி எடுத்தால் பத்தடி நடந்தால் போதும். குராகே பகுதியில் உள்ள அத்தாத் மருத்துவமனையில் 1976-லிருந்தே இது நடக்கிறது. அங்கே 22 ஆண்டுப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். இல்லத்தில் தங்கியவர்களிடம் இறந்து பிறந்தவை ஆயிரத்துக்கு சுமார் 18. நேராக வந்தவர்களிடம் 191. மலைக்கவைக்கும் வித்தியாசம், ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நேராக வந்தவர்களில் பலர் வீட்டில் எல்லாம் கைமீறிய பிறகு தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்கள்.

அப்புறம், கட்டடம் கட்டிவிட்டால் மட்டும் பெண்கள் வந்து தங்கமாட்டார்கள். வீட்டில் மூன்று குழந்தைகள், ஒரு பசு, பாதி அறுத்த வயல். அதோடு அங்கே யார் சமைப்பார்கள்? நன்றாக நடக்கும் இல்லங்களில் ஊர்க்காரர்களே தானியம் சேர்த்துக் கொடுக்கிறார்கள். காப்பிச் சடங்கு நடக்கும்: பச்சைக் கொட்டையை வறுத்து, இடித்து, மண் கூஜாவில் காய்ச்சி மூன்று சுற்று. கென்ஃபோ கிண்டுவார்கள். பார்லி மாவுக் களி. நடுவில் குழி பறித்து, மசாலா போட்டு உருக்கிய வெண்ணெயும் மிளகாய்ப் பொடியும் ஊற்றி, ஓரத்திலிருந்து தொட்டுத் தொட்டுச் சாப்பிடுவார்கள். பிள்ளை பெற்றவளுக்கு வீட்டில் கொடுப்பதே இதுதான். அது ஆஸ்பத்திரியில் கிடைக்கத் தொடங்கிய பிறகு, 'அங்கே போனால் நம்மைச் சரியாகக் கவனிக்கமாட்டார்கள்' என்ற பேச்சு குறைந்தது.

எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை. மலாவியைப் பாருங்கள். 2015-16 கணக்கெடுப்பில் அங்கே 91 சதவீதப் பிரசவம் மருத்துவ இடத்தில் நடந்தது. தாய்மார் சாவு லட்சத்துக்கு 439. அதே சமயம் 26 சதவீதமே ஆஸ்பத்திரியில் பெற்ற எத்தியோப்பியாவில் 412. இந்த மாதிரிக் கணக்குகளில் பிழை வரம்பு பெரிசு, மலாவியில் எச்.ஐ.வி. சுமையும் அதிகம். இருந்தாலும் வாசலைத் தாண்டி உள்ளே வந்தவரை உள்ளே இருப்பவர்கள் காப்பாற்ற முடிகிறதா என்ற கேள்வியிலிருந்து தப்பமுடியாது.

ரத்தப்போக்கை எடுத்துக்கொள்வோம். தாய்மார் சாவுக்கு முதல் காரணங்களில் ஒன்று. எவ்வளவு ரத்தம் போனது என்பதைக் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்வதுதான் வழக்கம். துணியில் ஊறியது, வாளியில் விழுந்தது எல்லாம் கணக்கில் வராது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா என நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளில் ஈ-மோட்டிவ் என்ற ஆய்வு நடந்தது, 2023-ல் வெளியானது. அதில் தாயின் அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பை விரித்தார்கள். அதன் முனை பை மாதிரி தொங்கும். மேலே அளவுக் கோடுகள். 500 மில்லி கோட்டைத் தொட்டால், அல்லது 300-லேயே நாடி, ரத்த அழுத்தம் சரியில்லை என்றால், உடனே எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யவேண்டும்: கருப்பையைப் பிசைந்துவிடுவது, கருப்பை சுருங்க மருந்து, ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்பு வழித் திரவம், எங்கே கிழிந்திருக்கிறது என்று சோதனை. ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக் காத்திருப்பது கிடையாது. கடும் ரத்தப்போக்கும் அதன் மோசமான விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. இதில் புது மருந்து ஒன்றுகூட இல்லை. எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் சமீபத்தில் வந்த மிகப் பெரிய சேதி இதுதான்.

கிராம மையத்தில் இதைச் செய்ய இன்னொரு தடை உண்டு. கருப்பையைச் சுருக்கும் ஊசி மருந்தான ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவேண்டும். மின்சாரம் நின்றுபோனால் ஊசி வெறும் தண்ணீர் மாதிரிதான். குளிர்பெட்டி தேவைப்படாத மிசோபிராஸ்டால் மாத்திரை அதற்கு மாற்று. அறுவைக்கு டாக்டர் இல்லாத குறையை எத்தியோப்பியா 2009-லிருந்து வேறு வழியில் சமாளிக்கிறது. டாக்டர் அல்லாத சுகாதார அதிகாரிகளுக்கு முதுநிலைப் பயிற்சி கொடுத்து, சிசேரியன் செய்ய மாவட்ட மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. ருவாண்டா 2016-லிருந்து ரத்தப் பைகளை டிரோனில் அனுப்புகிறது. எல்லோரும் படம் பிடிப்பது டிரோனைத்தான்.

பிறந்த குழந்தைக்கு முதல் நாளில் என்ன தேவை?

மூச்சு, சூடு, தாய்ப்பால், சுத்தம். பெரும்பாலான சிசுச் சாவுகள் மூன்று காரணத்தால்: குறைமாதம், பிறக்கும்போது மூச்சுத்திணறல், தொற்று.

பிறந்ததும் அழாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடம்தான் கெடு. துடைத்து, முதுகைத் தேய்த்து, அப்படியும் மூச்சு வரவில்லை என்றால் பையும் முகமூடியும் வைத்துக் காற்றை அழுத்தவேண்டும். தான்சானியாவில் எட்டு மருத்துவமனைகளில் மருத்துவச்சிகளுக்கு இதைப் பொம்மையில் பழக்கினார்கள். முதல் 24 மணி நேரச் சாவு 47 சதவீதம் குறைந்ததாக 2013-ல் அறிக்கை வந்தது.

எடை குறைந்த குழந்தைக்குத் தாயின் வெறும் மார்பே இன்குபேட்டர். கங்காரு முறை என்கிறோமே அதுதான். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாக்குறையில் பிறந்த யோசனை. முன்பெல்லாம் குழந்தை கொஞ்சம் தேறிய பிறகுதான் மார்பில் கட்டுவார்கள். கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வில் பிறந்த உடனேயே கட்டியபோது முதல் மாதச் சாவு கால்வாசி குறைந்தது. 2021-ல் முடிவு வந்தது.

வெண்ணெய் ஊட்டுகிறார்களாமே?

எத்தியோப்பியாவின் பல பகுதிகளில் பிறந்த குழந்தையின் வாயில் கொஞ்சம் வெண்ணெய் வைப்பது வழக்கம். சில இடங்களில் வெந்தயத் தண்ணீர். தொண்டை இளகும், வயிறு சுத்தமாகும் என்று நம்பிக்கை. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும் உண்டு. மஞ்சளாக இருப்பதால் கெட்டுப்போன பால் என்று நினைக்கிறார்கள். சேனை வைக்கும் ஊரிலிருந்து வரும் நாம் இதைக் கேட்டு ரொம்ப அதிர்ச்சி அடைய வேண்டியதில்லை. ஊழியர்கள் திரும்பத் திரும்பச் சொல்லி நிறைய மாறியிருக்கிறது. 2019-ல் ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகள் 59 சதவீதம்.

தொப்புள் கொடியில் சாணி, சாம்பல், வெண்ணெய் தடவும் பழக்கமும் உண்டு. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்து தடவினால் சாவு குறையும் என்று நேபாளம், வங்கதேச ஆய்வுகள் காட்டின. அதையே சாம்பியாவிலும் தான்சானியாவின் பெம்பா தீவிலும் செய்தபோது பலன் தெரியவில்லை. ஓரிடத்தில் பலித்ததை இன்னோர் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டமுடியாது.

கர்ப்பிணிகள் வேண்டுமென்றே குறைவாகச் சாப்பிடுகிறார்கள் என்பது உண்மையா?

பல ஊர்களில் உண்மை. நிறையச் சாப்பிட்டால் குழந்தை பெருத்துவிடும், பிரசவம் சிக்கலாகும் என்ற பயம். ஆஸ்பத்திரி எட்டாத ஊரில் அது முட்டாள்தனமான பயம் என்று சொல்லிவிட முடியுமா? பெரிய குழந்தை அடைபட்டுச் செத்த பெண்ணை அவர்கள் பார்த்திருப்பார்கள். பால், தயிர், வாழைப்பழம் சாப்பிட்டால் குழந்தையின் தலையில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும் என்றும் சொல்வார்கள். பிறந்த குழந்தையின் உடம்பில் இயல்பாக இருக்கும் வெண்படலத்தைப் பார்த்துக் கட்டிய கதை அது. பாலைக் குடி என்று உத்தரவு போடுவதைவிட, 'அந்த வெள்ளை எல்லாக் குழந்தைக்கும் உண்டு' என்று விளக்கினால் எடுபடும்.

ஆனால் பயத்தை மட்டும் குறைசொல்வது அநியாயம். தட்டில் வருவதே குறைவு. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் அவர்தான். தண்ணீர்க் குடம், விறகு, மாவு அரைப்பது எல்லாம் நிறைமாதம்வரை அவர் தலையில். தெற்கே என்செட் என்ற வாழை போன்ற செடியின் தண்டைப் புளிக்கவைத்துச் செய்யும் கொச்சோ ரொட்டிதான் சாப்பாடு. வயிறு நிறையும், புரதம் கிட்டத்தட்ட இல்லை. 2005-ல் தொடங்கிய உணவுப் பாதுகாப்புத் திட்டம், ஏழைக் குடும்பங்களுக்கு மண்ணணை, வாய்க்கால் வேலை கொடுத்துப் பணமோ தானியமோ தருகிறது. கர்ப்பம் பதிவானதும் பெண்ணை வேலையிலிருந்து விடுவித்து, குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை கூலியை அப்படியே தருவது இதன் விதி. ஆயிரம் அறிவுரைக் கூட்டங்களைவிட இந்த ஒரு விதி பெரிது.

விரதம் ஒரு தடையா?

எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் ஆண்டில் 180 நாளுக்கு மேல் விரதம் இருப்பார்கள். இறைச்சி, பால், முட்டை கிடையாது. பகல் சாயும்வரை ஒன்றுமே சாப்பிடாதவர்களும் உண்டு. கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் திருச்சபை விலக்கு தந்திருக்கிறது. இருந்தும் பலர் விடுவதில்லை. ஊர் என்ன சொல்லும் என்ற எண்ணம்தான். குழந்தைக்கு விரதமே இல்லை. ஆனால் அதற்கு முட்டை அவித்தால் வீட்டுப் பாத்திரம் தீட்டுப்படும் என்று விரதம் முடியும்வரை முட்டையே வராது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பாவமன்னிப்புக் கேட்கும் ஆன்மத் தந்தை ஒருவர் உண்டு. 'உனக்கு விலக்கு உண்டு, சாப்பிடு' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுகாதார ஊழியர் பத்து முறை சொல்வதைவிட அது வேகமாக இறங்கும்.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் ரத்தசோகை போய்விடாதா?

கொடுத்தால் போகும், தினமும் விழுங்கினால். 2016-ல் எத்தியோப்பியாவில் 90 நாளுக்கு மேல் மாத்திரை எடுத்த கர்ப்பிணிகள் வெறும் 5 சதவீதம். முதல் பரிசோதனைக்கு ஐந்தாம், ஆறாம் மாதம் வந்தால் 90 நாள் எங்கே கிடைக்கும்? மலம் கறுக்கும், குமட்டும் என்று முன்பே சொல்லிவைக்காவிட்டால் பாதியில் நிறுத்திவிடுவார்கள். இரும்பும் ஃபோலிக் அமிலமும் மட்டும் உள்ள மாத்திரைக்குப் பதிலாக 15 நுண்சத்துகள் உள்ள மாத்திரையை 2021-ல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அது குறைந்த எடைப் பிறப்பை இன்னும் கொஞ்சம் குறைக்கும். விழுங்கவைக்கும் சிக்கல் அப்படியே இருக்கும்.

குழந்தைகள் குள்ளமாகிப் போவதை எப்படி நிறுத்துவது? கழிப்பறையா, முட்டையா?

எத்தியோப்பியாவில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் 2000-ல் 58 சதவீதம், 2016-ல் 38, 2019-ல் 37. இதை 2030-க்குள் இரண்டு வயதுக்குட்பட்டோரிடம் ஒழிப்பதாக 2015-ல் செகோட்டா பிரகடனம் என்று அரசு உறுதி சொன்னது. அந்த வேகத்தில் போகவில்லை.

ஜிம்பாப்வேயின் இரண்டு கிராமப்புற மாவட்டங்களில் ஷைன் என்ற பெரிய ஆய்வு நடந்தது. சில ஊர்களில் வீட்டுக்கு வீடு கழிப்பறை, கை கழுவும் இடம். சில ஊர்களில் இணை உணவு பற்றிய அறிவுரையோடு தினமும் ஒரு சிறு பொட்டலம் சத்துப் பசை. சில ஊர்களில் இரண்டும். 2019-ல் முடிவு வந்தபோது, உணவு கிடைக்காத குழந்தைகளிடம் 35 சதவீதமாக இருந்த குள்ளத்தன்மை, உணவு கிடைத்தவர்களிடம் 27 சதவீதமாக இருந்தது. கழிப்பறை உயரத்தை ஒரு துளியும் கூட்டவில்லை. கழிப்பறை வேறு பல காரணங்களுக்கு வேண்டும்தான். வீட்டுக்கு ஒரு குழி வெட்டி வளர்ச்சியை வாங்க முடியாது என்பது தெரிந்தது.

முட்டை? ஈக்குவடாரில் தினம் ஒரு முட்டை நல்ல பலன் தந்தது. மலாவியின் மங்கோச்சியில் அதையே செய்தபோது உயரத்தில் வித்தியாசம் இல்லை. ஏரிக்கரை ஊர், குழந்தைகள் ஏற்கெனவே மீன் தின்றுகொண்டிருந்தார்கள். அந்தத் தட்டில் குறையாக இருந்தது வேறு ஏதோ.

குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. பிரசவத்துக்குப் பிரசவம் இடைவெளி இருந்தால் தாயின் உடம்பு தேறும், முதல் குழந்தைக்குப் பால் தொடரும். நவீனக் கருத்தடை பயன்படுத்தும் மணமான பெண்கள் 2000-ல் 6 சதவீதம், 2019-ல் 41. ஊரிலேயே ஊசியும், 2009-லிருந்து கைத்தோலுக்கடியில் வைக்கும் குச்சியும் அந்தப் பெண் ஊழியர்களிடம் கிடைத்ததுதான் காரணம்.

மலேரியா, எச்.ஐ.வி.?

எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் மலேரியா குறைவு. தாழ்நில நாடுகளில் கர்ப்பிணிக்குக் கொசுவலையும் தடுப்பு மாத்திரையும் கட்டாயம். அந்த மாத்திரைத் திட்டத்தை 1993-ல் முதலில் ஏற்றது மலாவி. எச்.ஐ.வி. உள்ள எல்லாக் கர்ப்பிணிக்கும் ரத்தத்தில் நோய் எதிர்ப்பு அணுக்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கக் காத்திராமல் வாழ்நாள் மருந்து என்பதை 2011-ல் தொடங்கியதும் மலாவிதான்.

போர் வந்தால் இதெல்லாம் தாக்குப்பிடிக்குமா?

பிடிக்காது. 2020 நவம்பர் முதல் 2022 நவம்பர் வரை எத்தியோப்பியாவின் வடக்கே உள்ள டிக்ராயில் நடந்த போரில் மருத்துவமனைகளும் சுகாதார நிலையங்களும் சூறையாடப்பட்டன, ஊழியர்கள் சம்பளமில்லாமல் நின்றார்கள். திட்டத்தை மிக நன்றாக நடத்திய பகுதிகளில் ஒன்று அது. 2025-ன் தொடக்கத்தில் அமெரிக்க உதவி திடீரென நின்றது இன்னொரு அடி. எத்தியோப்பிய ஊழியர்களின் சம்பளம் அரசு கொடுப்பது என்பதால் அவர்கள் வேலையில் இருக்கிறார்கள்; அவர்கள் கைக்கு வரவேண்டிய மருந்துக்கும் பரிசோதனைப் பொருளுக்கும்தான் தட்டுப்பாடு.

நாங்கள் உதவ விரும்புகிறோம். பால் பவுடர் சேகரித்து அனுப்பலாமா?

வேண்டாம். சுத்தமான தண்ணீர் இல்லாத வீட்டில் பால் பவுடர் வயிற்றுப்போக்கைத்தான் கொண்டுவரும், தாயின் பாலும் வற்றும். தாய்ப்பாலுக்கு மாற்றான பொருட்களை இப்படி இலவசமாக இறக்கக்கூடாது என்று 1981-லிருந்தே சர்வதேச விதிமுறை இருக்கிறது. பழைய துணி, காலாவதி நெருங்கிய மருந்து இவையும் வேண்டாம்.

பணமாகக் கொடுங்கள். கொடுக்கும் முன் அந்த அமைப்பிடம் சிலவற்றைக் கேட்டுப் பாருங்கள். ஊரில் வேலை செய்யும் பெண்களுக்குச் சம்பளம் உண்டா? அரசு சுகாதார மையத்தோடு சேர்ந்து செய்கிறீர்களா, பக்கத்தில் தனிக் கடை விரிக்கிறீர்களா? உங்கள் மூன்றாண்டுத் திட்டம் முடிந்த மறுநாள் மருந்து யார் வாங்குவார்கள்? கடைசிக் கேள்விக்கு நேரான பதில் தருபவர்கள் குறைவு. தருபவர்கள் கிடைத்தால் அவர்களுக்கே கொடுங்கள், மாதாமாதம் சின்னத் தொகையாக இருந்தாலும் சரி.